பழைய நேரம்

தேசிக்காயைப் பாதியாக வெட்டி, தேய்ந்துபோன பல் பிரஷ்ஷில் நாலு சொட்டுப் பிழிந்து, பச்சை பூத்திருந்த இடத்தில் மெல்லத் தேய்த்தேன். சிறு நுரை பொரிந்து எழும்பியது. வாசத்துக்கு உம்மா குசினி வாசலில் வந்து நின்றா. "மீனா கழுவுறாய் மகன்?" என்றா. மேசையில் கிடந்ததைக் கண்டதும் குரல் மாறிவிட்டது. "இது தில்லையடி நானாட பெட்டியெல்லா?"

அவருடைய பெட்டிதான். ஒரு 386 கணனி. கணினி என்று இப்போது எழுதுகிறார்கள். நானாவின் கடையறைப் பலகையில் 'கணனி வகுப்பு' என்றுதான் இருந்தது, எனக்கும் அந்த எழுத்துத்தான் கைக்கு வருகிறது. போர் முடிந்து அவர் முல்லைத்தீவுக்குத் திரும்பியபோது, "அங்க வீடே இல்ல, இத எங்க வைக்கிறது, நீ வச்சிரு தம்பி" என்று தந்துவிட்டுப் போனார். பாலாவியில் எங்கள் சாமான் அறையில், சாக்குகளுக்கும் வாப்பாவின் மண்வெட்டிகளுக்கும் நடுவில் வைத்தேன். வைத்ததோடு சரி. பத்து வருடத்துக்கும் மேல் மூடியைத் திறக்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் திறந்திருந்தால் முதல் நாளே அந்த நீலப் பற்றரியை வெட்டி எறிந்திருப்பேன்.

அந்தக் காலத்து 386, 486 பலகைகள் பலவற்றில் அது இருக்கும். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு நீல உருளை. உள்ளே நிக்கல் கட்மியம் கலங்கள் மூன்று, ஒன்று 1.2 வோல்ட், மூன்றும் சேர்ந்து 3.6. பலகையோடு ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். கணனி ஓடும்போது அது தன்னை நிரப்பிக்கொள்ளும். சுவிட்சை அணைத்த பிறகு, நேரத்தையும் இயந்திரத்தின் சில குறிப்புகளையும் அது காத்துவைக்கும். அதைச் சும்மா போட்டுவைத்தால்தான் கேடு. சில மாதத்தில் வெறுமையாகும். பிறகு வருடங்கள் போகப் போக அதன் முத்திரை விட்டுப்போய், உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஐதரொட்சைட்டு வெளியே கசியும். காரம் அது. செப்புத் தடங்களைப் பிடித்துக்கொண்டு, பச்சைப் பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். மேலே பார்த்தால் ஒரு நகக்கண் அளவு பச்சை. கீழே நாலு விரற்கடை தூரம் அரித்திருக்கும். காரத்தை முறிக்கப் புளிப்பு வேண்டும். மற்ற ஊர்க்காரர் வினாகிரி போடுவார்கள். எங்கள் வீட்டில் தேசிக்காய் இருந்தது.

ஊர்ந்து போவது என்றதும் உப்பைத்தான் நினைக்கிறேன். வாப்பா பாலாவி உப்பளத்தில் வேலை செய்தவர். களப்புத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் காயவிட்டு, போமானியைப் போட்டுப் பார்ப்பார். அந்தக் கண்ணாடிக் குழல் எவ்வளவு மிதந்து நிற்கிறது என்பதுதான் கணக்கு. கடல் தண்ணீரில் மூன்று பாகையைத் தாண்டி நிற்பது, 25இல் வந்து நின்றால் உப்பு விழத் தொடங்கும். 30க்கு விடக்கூடாது, அதற்குள் மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மக்னீசியம் இறங்கி உப்புக் கசக்கும், கிடந்த இடத்தில் நீர்த்துப்போகும். வாப்பாவுக்கு மக்னீசியம் என்ற சொல் தெரியாது. "கசப்புத் தண்ணி" என்பார். கையில் ஒரு பிடி உப்பை அள்ளி நெரித்துப் பார்த்தே சொல்லிவிடுவார்.

காற்றில் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் கரையும். எங்கள் கரையில் எந்த இரவும் அதைத் தாண்டும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் கதவுக் கொண்டியை நக்கினால் உப்புக் கரிக்கும். அப்படியான காற்றுத்தான் பத்து வருடமாக அந்தப் பெட்டிக்குள் போய்வந்திருக்கிறது. பற்றரி கசிந்தது பாதி, கடல் மிச்சப் பாதியைச் செய்தது. கொழும்பில் அலுமாரிக்குள் இருந்த பலகை ஒன்றை இதற்கு முன் பார்த்திருக்கிறேன். அதே வயது, அதே நீலப் பற்றரி, ஆனால் சேதம் இதில் கால்வாசி இல்லை.

தில்லையடியில் நானாவின் வகுப்பு வீதியோரம் ஒரு கடையறையில் நடந்தது. இரண்டு கணனிகள், ஒரு மின்விசிறி, நாலு கதிரைகள். நண்பகலில் கழுதைகள் வந்து தாழ்வாரத்து நிழலில் நிற்கும். புத்தளத்தில் வளர்ந்தவர்களுக்கு அது ஒரு விசயமே இல்லை, அவர்தான் ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். முல்லைத்தீவு, நீராவிப்பிட்டி அவருக்கு ஊர். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது கையில் கிடைத்ததோடு வந்தவர்களில் அவரும் ஒருவர். தில்லையடியிலும் ஆலங்குடாவிலும் கிடுகுக் கொட்டில்களாக முகாம்கள் எழும்பிய காலம் அது. எங்களுக்கும் அவர்களுக்கும் தண்ணீருக்கும் வேலைக்கும் பள்ளிக்கூடத்து இடத்துக்கும் சச்சரவு வந்ததுண்டு; அதை மறைக்க மாட்டேன். ஆனால் எனக்குக் கணனி சொல்லித் தந்தவர் அங்கிருந்து வந்தவர். காசு குறைவாக இருந்த மாதங்களில் கேட்காமல் விட்டவரும் அவரே.

1996இல் எனக்கு 15 வயது. அந்த வருடம் மழை பொய்த்தது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு அப்போது மலையகத்து நீர்த்தேக்கங்களை நம்பியே இருந்தது. அவை வற்ற, மணிக்கணக்கில் மின்வெட்டு. அரைவாசி அடித்த கடிதத்தோடு திரை கறுத்துவிடும். இருட்டில் நானா சொல்வார், "பயப்பிடாத தம்பி, நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்." அந்த நீலப் பற்றரியைத்தான் சொன்னார். அப்போதுதான் அதைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்டேன். உள்ளே ஒரு பளிங்கு இருக்கிறது என்றார், அரிசிமணி மாதிரி. அது நொடிக்கு 32,768 தடவை துடிக்கும்; அந்த எண்ணைப் பாதி பாதியாக 15 தடவை பிரித்தால் ஒன்று மிஞ்சும், அந்த ஒன்றுதான் ஒரு நொடி. நான் கொப்பியின் பின்பக்கத்தில் பிரித்துப் பார்த்தேன். சரியாக ஒன்று வந்தது. கணக்கு இவ்வளவு அழகாக முடிந்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

1984இல் ஐபிஎம் வெளியிட்ட ஏடி கணனியில் இந்த வேலைக்காக மோட்டரோலா சிப் ஒன்று இருந்தது. அதற்குள் 64 பைட் நினைவு; 14 நேரத்துக்கு, 50 மற்றக் குறிப்புகளுக்கு. அதைப் பின்பற்றி வந்த கணனிகள் எல்லாம் அந்த ஒழுங்கையே வைத்துக்கொண்டன. வெறும் 64 பைட். இந்த ஒரு பந்தியைக்கூட அதற்குள் அடக்க முடியாது. அதை இழந்தால் இயந்திரம் தன் வன்தட்டு எது என்றே அறியாமல் நிற்கும்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் 1996 மே 25ஆம் திகதி நாட்டின் கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளியது. ஐந்து மாதம் கழித்து, ஒக்டோபர் 26இல், அரை மணி பின்னே இழுத்தது. அந்த அரை மணி மிச்சத்தோடு பத்து வருடம் இருந்தோம். 2006 சித்திரைப் புத்தாண்டோடு பழைய நேரத்துக்குத் திரும்பினோம். இன்றைக்கு யாரும் இதைப் பேசுவதில்லை. அப்போது எதைக் கேட்டாலும் "புது நேரமா, பழைய நேரமா?" என்றுதான் பதில் வரும். வாப்பா கைக்கடிகாரத்தைத் தொடவே இல்லை. எங்கள் கரையில் சூரியன் பழைய நேரத்துக்கு 12.10ஐ ஒட்டி உச்சிக்கு வரும். பாத்தி காய்வது அந்தச் சூரியனில் என்றபடியால் அவருக்கு வேறு நேரம் தேவைப்படவில்லை.

பள்ளிவாசலுக்குத் தேவைப்பட்டது. தொழுகை சூரியனோடு போவது; கடிகாரத்தை மாற்றினால் அட்டவணையை மாற்ற வேண்டும். லுஹர் ஒரு மணியைத் தாண்டிப் போய்விட்டது. பள்ளி நிர்வாகத்தினர் பழைய அட்டவணைத் தாளோடு நானாவிடம் வந்தார்கள். அவர் அதை என்னிடம் தந்தார். எனக்குக் கிடைத்த முதல் உண்மையான வேலை அதுதான். பாமினி எழுத்துரு, எஃப் விசையை அடித்தால் 'க' வரும். பழையதை முதலில் அப்படியே அடித்து ஒரு கோப்பாக வைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு வரியிலும் ஒரு மணியைக் கூட்டி இன்னொன்று. ஒக்டோபரில் அரை மணியைக் கழித்து மூன்றாவது. சுபஹ் முதல் இஷா வரை, ஜனவரி முதல் டிசம்பர் வரை. கூட்டிக் கழித்த களைப்பில் கனவிலும் எண்கள் வந்தன.

அந்தக் கணனியின் நேரம் மட்டும் பிழையாகவே இருந்தது. கவனித்தவன் நான். சுவர் மணிக்கூட்டில் ஐந்தரை என்றால் திரையில் ஐந்து. திருத்திவைப்பேன். அடுத்த நாள் மறுபடியும் பிந்தியிருக்கும். இப்படி மூன்று தடவை. "பற்றரி போயிட்டுது நானா, மாத்தோணும்" என்றேன், எல்லாம் தெரிந்தவன்போல. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "ம்ம், போயிட்டுப்போல" என்றார். "அது அப்பிடியே கிடக்கட்டும் தம்பி." நான் விட்டுவிட்டேன்.

பலகைக்கு வருகிறேன். நீல உருளையைக் குறட்டால் இரு பக்கமும் நறுக்கி எடுத்தேன். தேசிக்காய்த் தண்ணீரில் மூன்று தடவை தேய்த்து, பிறகு கராஜில் கார் பற்றரிக்கு ஊற்ற வைத்திருக்கும் வடித்த தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்தேன். கிணற்றுத் தண்ணீரால் கழுவ நினைக்கவே கூடாது. எங்கள் கிணறு உவர். வெளியே வெயிலில் வைத்தால் காற்றோடு உப்பு வந்து ஒட்டும் என்று, அறைக்குள் கதவைச் சாத்தி மின்விசிறிக்கு முன் இரண்டு நாள் காயவிட்டேன்.

மீற்றரை வைத்து ஒவ்வொரு தடமாகத் தொட்டேன். விசைப்பலகையைக் கவனிக்கும் சிப் பெரும்பாலும் பற்றரிக்குப் பக்கத்திலேதான் இருக்கும். முதல் அடி அதற்குத்தான் விழும். இதிலும் அதற்குப் போகும் இரண்டு தடங்கள் அறுந்திருந்தன. மேலே பூச்சு நல்லதுபோல்தான் தெரிந்தது, கத்தி நுனியால் சுரண்டியபோது செம்புக்குப் பதில் கரும்பொடி உதிர்ந்தது. தொலைபேசிக் கம்பியிலிருந்து ஒரு இழையை உருவி, இரு முனையிலும் ஈயம் பிடித்துப் பாலம் போட்டேன். கண் வலித்தது. வெற்றிலை போட்டுக்கொண்டே பார்த்திருந்த உம்மா, "தையல் மாதிரிக் கிடக்கு" என்றா. அதைவிடச் சரியாக நான் சொல்ல முடியாது.

புதுப் பற்றரியைப் பலகையில் வைக்கவில்லை. மூன்று டோர்ச் பற்றரிகளை ஒரு கூட்டில் போட்டு, வயரை இழுத்து, பெட்டிக்கு வெளியே வைத்தேன். நாளைக்கு அவை கசிந்தாலும் பலகைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு டயோட்டையும் வயரின் நடுவில் வைக்க வேண்டும். பழைய பற்றரி நிரப்பக்கூடியது என்பதால் பலகை மின்சாரத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். நிரப்பக்கூடாத பற்றரிக்கு அது போனால் வெடிக்கவும் கூடும். டயோட் ஒருவழிக் கதவு. இதை அறியாமல் வட்டப் பற்றரியை நேராக ஒட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பதறும்.

மின்சாரம் கொடுத்தேன். நினைவை எண்ணிக்கொண்டு போய், அமைப்புகள் இல்லை, நேரம் இல்லை என்று அறிவித்து நின்றது. விசையை அழுத்தினேன், கேட்டது. 1980 ஜனவரி 1 என்று காட்டியது. டாஸ் இயங்குதளத்துக்கு அதற்கு முன் உலகம் இல்லை. அங்கிருந்துதான் அது நாட்களை எண்ணும். நீராவிப்பிட்டியில் நானா தன் வீட்டில் இருந்த ஒரு ஜனவரி அது என்ற நினைப்பு வந்துபோனது.

அடுத்து வன்தட்டு. அது எத்தனை உருளை, எத்தனை தலை, எத்தனை பகுதி என்று மூன்று எண்களை நாம்தான் சொல்ல வேண்டும். இந்தப் பலகை தானாகக் கண்டுபிடிக்காது. வட்டில் இருப்பது ஒன்றும் அழியவில்லை, எழுதியது எழுதியபடி கிடக்கிறது, அதை எந்தக் கணக்கில் வாசிப்பது என்பதைத்தான் பலகை மறந்திருக்கிறது. வட்டின் மேல் ஒட்டியிருந்த தாளைப் பூச்சி தின்றிருந்தது. வேறு கணனியில் மாட்டிப் பார்க்கலாம் என்று மூடியைத் தூக்கித் தள்ளிவைத்தபோது, அதன் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்ததைக் கண்டேன். 980, 10, 17. நானாவின் எழுத்து; 7க்குக் குறுக்குக் கோடு போடுவார். பெருக்கிப் பார்த்தேன், 512ஆலும் பெருக்கினால் 85 மெகாபைட் வருகிறது. இந்தப் பற்றரி ஒருநாள் போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வட்டு ஒரு முனகலோடு சுழன்றது. கோப்புகளின் பட்டியல் திரையில் ஓடியது. தொழுகை என்பதை எட்டு ஆங்கில எழுத்துக்குள் நெரித்து நான் வைத்த பெயர், மூன்று தடவை, 1, 2, 3 என்று. பக்கத்தில் சேமித்த திகதியும் நேரமும்.

வகுப்பில் மணிக்கணக்குக்குக் காசு என்பதால் உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் எல்லாம் நான் கொப்பியில் எழுதிவந்தேன், சுவர் மணிக்கூட்டைப் பார்த்து. பளிங்கின் கணக்கைப் பிரித்துப் பார்த்த அதே கொப்பி. உம்மா எதையும் வீச மாட்டா. தகரப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தா. பற்றரி எவ்வளவு வேகமாகப் பிந்தியது என்று பார்க்கத்தான் ஒப்பிட்டேன். வேலைக்காரனின் ஆவல், வேறொன்றுமில்லை. யூன் மாதத்துக் கோப்புகள் கொப்பியைவிட ஒரு மணி பிந்தியிருந்தன. ஓகஸ்டிலும் ஒரு மணி. நவம்பரில் அரை மணி. 1997 மார்ச்சிலும் அரை மணி. நடுவில் மூன்று நாட்கள் மட்டும் சரியான நேரம். நான் திருத்திவைத்த நாட்கள்.

பற்றரி பலவீனமானால் நேரம் ஒழுகும். இன்று இரண்டு நிமிடம், அடுத்த கிழமை இருபது, பிறகு ஒரேயடியாக 1980. ஐந்து மாதம் ஒரு மணியிலேயே நின்று, ஒக்டோபர் 26க்குப் பிறகு அரை மணியாகக் குறைவதற்குப் பற்றரிக்கு அரசாங்கத்தின் அறிவித்தல் தெரியாது. அந்தக் கணனி பிந்தவே இல்லை. நாடுதான் முன்னே போய், கொஞ்சம் பின்னே வந்தது. அவர் கணனியைப் பழைய நேரத்திலேயே வைத்திருந்தார். நான் மாற்றிய ஒவ்வொரு தடவையும், நான் போன பிறகு திருப்பி வைத்திருக்கிறார்.

முல்லைத்தீவு இருக்கும் வன்னியில் அந்தப் பத்து வருடமும் பழைய நேரம்தான். புலிகளின் பகுதியில் கொழும்பின் புது நேரத்தை ஏற்கவில்லை. அவரைத் துரத்தியவர்கள் வைத்திருந்த நேரம் அது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் அழைத்தேன். சுகம் விசாரித்து, உம்மாவின் முழங்கால் வலியைக் கேட்டு, பிறகுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "பிடிச்சிட்டியா" என்றார். சிரித்ததுபோல் இருந்தது. அது அவங்கட நேரமெல்லா நானா என்று கேட்டுவிட்டேன். "அவங்கட நேரம் எண்டு யார் சொன்னது? எங்கட பள்ளியில தொங்கின மணிக்கூட்டு நேரம் அது. சாவி குடுக்கிறது என்ட வேலை. அத அப்பிடியே விட்டிட்டுத்தானே வந்தம்." சத்தம் ஒன்றும் உயரவில்லை. அதற்குப் பிறகு பற்றரி எப்படி, எந்தத் தடம் அறுந்தது, டயோட் போட்டேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

மாடியிலிருந்து பார்த்தால் இப்போது நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறது. 2011இல் முதல் பகுதி தொடங்கியது, இன்று 900 மெகாவாட். ஒரு மணி வெளிச்சத்துக்காக நேரத்தையே நகர்த்திய நாட்டுக்கு எங்கள் கரையிலிருந்துதான் மின்சாரம் போகிறது. அங்கிருந்து வரும் சாம்பலைத் துடைக்கிறவர்களும் எங்கள் ஆட்களே. அது தனியாக எழுத வேண்டிய கதை.

நானா மாலையில் திரும்ப அழைத்தார். "தம்பி, அந்த முதல் அட்டவணை இருக்கெல்லா, நேரம் மாத்த முந்தி அடிச்சது?" இருக்கிறது என்றேன். யோசித்தபோதுதான் புரிந்தது: 2006இல் நாடு பழைய நேரத்துக்கு வந்துவிட்டது, சூரியன் எப்போதும்போலத்தான் போகிறது, அந்த அட்டவணை இன்றைக்கும் சரி. மற்ற இரண்டும்தான் வீணானவை. "அத இங்கத்தப் பள்ளிக்கு மாத்தித் தாவன். முல்லைத்தீவு கிழக்கால கிடக்கு, நாலு நிமிசம் முந்தும்." புத்தளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் கிட்டத்தட்ட ஒரு பாகை நெட்டாங்கு வித்தியாசம், ஒரு பாகைக்கு நாலு நிமிடம். லுஹருக்கு வருடம் முழுக்க அப்படியே கழிக்கலாம் என்றேன். சுபஹும் மஃரிபும் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் வேறுபடும், அவை வடக்குத் தெற்கையும் பொறுத்தவை. "சரி, அதுகள நான் இங்க பாத்துச் சொல்றன். நீ லுஹரத் தொடங்கு."

அன்றிரவு கணனியை அணைத்து, மின்கம்பியையும் கழற்றிவிட்டுப் படுத்தேன். சுபஹ் தொழுதுவிட்டு வந்து போட்டபோது நேரம் நின்றிருக்கவில்லை. கைபேசியில் காட்டியதையே திரையும் காட்டியது. முதல் கோப்பைத் திறந்து வேறு பெயரில் சேமித்தேன். ஜனவரி 1, லுஹர் 12.15 என்றிருந்தது. 12.11 என்று அடித்து, அடுத்த வரிக்கு இறங்கினேன்.